உயர்நிலைப் பள்ளியில் இடைநிற்றல்: காரணங்களும் தடுப்பு முறைகளும்

பள்ளியிற் சேர்ந்த மாணவர் படிப்பை முடிக்காமலே விலகிவிடுவதை இடைநிற்றல் என்கிறோம். 1929 ஆம் ஆண்டில் அறிக்கை அளித்த ஹார்ட்டாக் குழுவினர் இதனை "விரயம்" என்றும், ஒரே வகுப்பில் மாணவர் மீண்டும் நிறுத்தப்படுவதைத் "தேக்கம்" என்றும் குறிப்பிட்டனர். அவர்கள் கவலையுடன் நோக்கியது தொடக்கப் பள்ளிகளின் நிலையை. இன்று அந்நிலை பெரிதும் திருந்திவிட்டது; ஆயினும் விரயம் மறையவில்லை, மேல் வகுப்புகளுக்கு இடம் பெயர்ந்துள்ளது. 2020 ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை காட்டிய கணக்கின்படி, 6 முதல் 8 வரையுள்ள வகுப்புகளில் மொத்தச் சேர்க்கை விகிதம் 90.9 சதவீதமாக இருந்தது. 9, 10 ஆம் வகுப்புகளில் அது 79.3 ஆகவும், 11, 12 ஆம் வகுப்புகளில் 56.5 ஆகவும் குறைந்தது.

இச்சரிவு பதினான்கு வயதையொட்டித் தொடங்குவது தற்செயலன்று. 2009 ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள குழந்தைகளுக்கே உரியது. குழந்தைத் தொழிலாளர் சட்டமோ, 2016 ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின், பதினான்கு வயது நிறைந்தவர்களை அபாயகரமான தொழில்களினின்று மட்டுமே விலக்குகிறது. பள்ளியின் கட்டாயம் முடியும் வயதிலேயே பட்டறையின் கதவும் திறக்கிறது. கர்நாடகத்தில் இத்துடன் மற்றொன்றும் சேர்கிறது. ஏழாம் வகுப்பு வரை தொடக்கக் கல்வி, எட்டு முதல் பத்து வரை உயர்நிலைக் கல்வி என்பது அம்மாநிலத்தின் நெடுநாளைய பாகுபாடாகும். ஆகவே சட்டத்தின் பாதுகாப்பு நீங்கும் தறுவாயில் பல பிள்ளைகள் பழகிய பள்ளியையும் விட்டுப் புதிய பள்ளியைத் தேடிச் செல்ல வேண்டியவர்களாகின்றனர்.

பெங்களூர் நகரில் இதன் விளைவைத் தெளிவாகக் காணலாம். பீன்யா, பொம்மனஹள்ளி, மைசூர் சாலை ஆகிய பகுதிகளின் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் பணிபுரிவோரிற் பெரும்பாலோர் பெண்கள். தாய் காலையில் புறப்பட்டுவிட்டால் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு மூத்த மகளைச் சேர்கிறது. ராய்ச்சூர், யாத்கிர், கலபுரகி மாவட்டங்களிலிருந்து கட்டட வேலைக்கு வருவோர், வேலை முடிந்ததும் குடும்பத்தோடு இடம் மாறுகின்றனர். இவர்களின் சிறு பிள்ளைகளுக்கெனக் கூடாரப் பள்ளிகள் நடத்தப்பெற்றன. உயர்நிலை வகுப்புகளுக்கு அவை போதா. தமிழ் வழியில் தொடக்கக் கல்வி பெற்றுக் கன்னட வழியிலோ ஆங்கில வழியிலோ எட்டாம் வகுப்பை அடையும் பிள்ளைக்கு வேறொரு தடை உண்டு. அப்பிள்ளை மந்தமானதன்று, பாடம் புரியாததற்கு மொழியே காரணம். ஆசிரியர் இவ்விரண்டையும் பிரித்தறிதல் வேண்டும்.

"வறுமை" என்று ஒரே சொல்லில் எழுதிக் கோப்பை மூடிவிடுவது எளிது. ஒரே தெருவில், ஒரே வருவாயுள்ள இரு குடும்பங்களில் ஒரு பிள்ளை பத்தாம் வகுப்பு வரை செல்ல, மற்றொன்று எட்டில் நின்றுவிடுவதை அச்சொல் விளக்காது. வேறுபாடு பெரும்பாலும் வாசிப்புத் திறனில் இருக்கிறது. ஐந்தாம் வகுப்புப் பாடத்தையே தடுமாறிப் படிக்கும் சிறுவன் ஒன்பதாம் வகுப்பில் இயற்கணிதத்தின் முன் அமர்த்தப்பட்டால், நாள்தோறும் அவமானமே அவனுக்கு மிஞ்சும். பட்டறையிலோ அவன் கைத்திறனுக்கு வாரந்தோறும் கூலி கிடைக்கிறது.

இடைநிற்றல் ஒரே நாளில் நிகழ்வதன்று. முதலில் திங்கட்கிழமைகளில் வருகை குறையும். பின்னர்ப் பண்டிகை விடுமுறை நீளும். இறுதியிற் பெயர் மட்டும் பதிவேட்டில் நிற்கும். நடுவணரசின் விளக்கம் 45 நாள் தொடர்ந்து வராத குழந்தையையே பள்ளி செல்லாக் குழந்தையெனக் கொண்டது. 2013 ஆம் ஆண்டில் கர்நாடக உயர் நீதிமன்றம் பள்ளி செல்லாக் குழந்தைகளின் நிலையைத் தானே முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. அதன் பயனாக, ஏழு நாள் தொடர்ந்து வராவிடினே விசாரிக்க வேண்டுமென்ற ஏற்பாடு அம்மாநிலத்தில் உருவாயிற்று. இதுவே பொருத்தமானது. நாற்பத்தைந்து நாளில் சிறுவன் ஈட்டும் கூலி வீட்டுச் செலவில் ஓர் அங்கமாகிவிடும். அதன்பின் அவனை மீட்பதென்றால் அக்கூலிக்கும் ஈடு தேட வேண்டியிருக்கும்.

ஏழாம் வகுப்பு முடிந்ததும் மாற்றுச் சான்றிதழ் வழங்குவதோடு கடமை முடிந்ததாகப் பல தலைமையாசிரியர்கள் கருதுகின்றனர். சான்றிதழ் பெற்றவரெல்லாம் வேறு பள்ளியிற் சேர்ந்தவராகார். ஜூன் மாத இறுதிக்குள் அப்பெயர்களை அண்மை உயர்நிலைப் பள்ளிகளின் பதிவேட்டோடு ஒப்பிட்டு, காணாத பெயருக்குரிய வீட்டிற்கு நேரிற் செல்ல வேண்டும். அங்கே கல்வியின் பெருமையை எடுத்துரைப்பதைவிட, "கைக்குழந்தையை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?" என்று கேட்பது பயன் தரும். அருகில் அங்கன்வாடியோ குழந்தைகள் காப்பகமோ கிடைத்தால் மூத்த பெண் வகுப்பிற்குத் திரும்புவாள். எட்டாம் வகுப்பின் முதற் சில மாதங்களில் வாசிப்புக்கும் அடிப்படைக் கணக்கிற்கும் நாள்தோறும் ஒரு பாடவேளையை ஒதுக்குதலும் இன்றியமையாதது.

தொலைவு ஒரு காரணமென்பது நன்கு ஆராயப்பட்டுள்ளது. பீகார் அரசு 2006 இல் பெண்களுக்கு மிதிவண்டி வழங்கத் தொடங்கியது. கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் ஆகியோர் 2017 இல் வெளியிட்ட ஆய்வின்படி, பெண்களின் உயர்நிலைப் பள்ளிச் சேர்க்கை இதனால் 32 சதவீதம் உயர்ந்தது. பள்ளி 3 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்த ஊர்களிலேயே பயன் மிகுதி. கர்நாடகமும் 2006-07 இல் எட்டாம் வகுப்பினர்க்கு மிதிவண்டி அளித்தது. 2007-08 இல் மதிய உணவை உயர்நிலை வகுப்புகளுக்கும் நீட்டித்தது.

பத்தாம் வகுப்பில் தோற்றவர்களை மறந்துவிடலாகாது. ஒரே ஆண்டில் மூன்று தேர்வுகள் நடத்தும் முறையைக் கர்நாடகம் 2024 இல் புகுத்தியது; ஓராண்டை இழந்தே மீண்டும் எழுத வேண்டுமென்ற நிலை இதனால் தளர்ந்தது. ஏற்கெனவே வேலைக்குச் சென்றுவிட்டவர்க்குத் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் உள்ளது. பதினான்கு வயது நிறைந்தவர் அதன் பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் பதிவு செய்து, பாடங்களை ஒரே முறையிலன்றிச் சிலவாகப் பிரித்தும் எழுதலாம். விண்ணப்பத்தை நிரப்பவும் தேர்வுக் கட்டணத்தைச் செலுத்தவும் களப்பணியாளர் உடனிருந்து உதவுதல் வேண்டும்.