வலி இடுப்பிலா... வண்டியிலா?

“ஏனுங்க டாக்டர், நாலு மாசமா தைலம் தேய்க்கறேன், கசாயம் குடிக்கறேன். இந்த இடுப்பு மட்டும் கேக்க மாட்டேங்குதே!”

நாமகிரிப்பேட்டையில் மஞ்சள் வியாபாரம் செய்யும் அன்பர் ஒருவர் சலித்துப்போய் இப்படிக் கேட்டார். வயது 48. விரலி, கிழங்கு, பனங்காளி என்று தரம் பார்க்கத் தினமும் ஊர் ஊராகச் சுற்றுகிறவர். நானும் நாடி பார்த்து, முதுகை அழுத்திப் பார்த்து, தண்டகவாதம் என்று முடிவு செய்து, முறைப்படி தொக்கணமும் கொடுத்திருந்தேன். இரண்டு நாள் நன்றாக இருக்கும். மூன்றாம் நாள், பழைய குருடி கதவைத் திறடி!

அன்றைக்கு ஏதோ பேசிக்கொண்டே வாசல் வரை போனேன். அவர் வண்டியில் ஏறியதைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. வெளியூர் வேலைக்குப் போன மகன் விட்டுவிட்டுப் போன பெரிய மோட்டார் சைக்கிள். அப்பாவோ ஐந்தேகால் அடி உயரம். இடது காலின் நுனிவிரல் மட்டும் தரையில், வலது கால் அந்தரத்தில்! சீட்டின் நடுவில் ஃபோம் அமுங்கிக் குழி விழுந்திருந்தது. போதாததற்கு, மகன் ஸ்டைலுக்காக கம்பெனி ஹேண்டில்பாரைக் கழற்றிவிட்டு, தாழ்வான நேர்க்கம்பி ஒன்றை மாட்டியிருந்தான். அதை எட்டிப் பிடிக்க இவர் கூனிக் குனிந்தார்.

“இந்த வண்டிக்கு மாறி எத்தனை நாளாச்சு?”

“ஆறு மாசம் இருக்குங்க.”

வலி வந்து ஐந்து மாதம்! நாலு மாதமாக இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் இருந்திருக்கிறேனே என்று எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. வாத நோய்கள் 80 என்று யூகி வைத்திய சிந்தாமணியை மனப்பாடம் செய்தவன்தான் நான். ஒவ்வாத நிலையில் உடம்பை வருத்தினால் வாதம் கெடும் என்பது எங்களுக்கு அரிச்சுவடி. ஆனால் நோயாளி அந்த நிலையில் தினமும் எத்தனை மணி நேரம் இருக்கிறார் என்பதைப் பார்க்கத் தவறிவிட்டேன்.

1980-ல் டி.வி.எஸ். 50 வந்த காலத்திலிருந்து நம் பக்கத்து ஆட்களுக்கு மொபெட் பழகிய வாகனம். நிமிர்ந்து உட்காரலாம், காலை உடனே ஊன்றலாம். மோட்டார் சைக்கிள் அப்படியல்ல. எல்லோருக்கும் ஒரே அளவில் தைத்த ரெடிமேட் சட்டை மாதிரி. சட்டை பிடிக்கவில்லை என்றால் தையற்காரரிடம் கொடுக்கிறோம். வண்டியை மட்டும் ஏன் அப்படியே சகித்துக்கொள்கிறோம்? நாமகிரிப்பேட்டை கிருஷ்ணன் பிறந்த மண்ணில் இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. நாதஸ்வரக்காரர்கள் சீவாளியை வாங்கியவுடன் ஊதிவிடுவதில்லை. வாயில் வைத்துப் பார்த்து, கொஞ்சம் சீவி, மறுபடி வைத்துப் பார்த்து, தன் உதட்டுக்கும் மூச்சுக்கும் இணங்கிய பிறகுதான் கச்சேரிக்கு எடுப்பார்கள்.

வண்டியில் உடம்பு தொடும் இடங்கள் மூன்றுதான்: சீட், ஹேண்டில்பார், ஃபுட்ரெஸ்ட். முதலில் சீட்டைப் பாருங்கள்.

100, 125 சி.சி. வண்டிகளின் சீட் உயரம் பெரும்பாலும் 780 முதல் 800 மில்லிமீட்டர் வரை இருக்கும். பெரிய வண்டிகள் அதையும் தாண்டும். வழக்கமாகப் போடும் செருப்போ ஷூவோ போட்டுக்கொண்டு, சமதரையில் வண்டியை நிமிர்த்தி உட்காருங்கள். இரண்டு காலின் முன்பாதமும் நன்றாகப் பதிந்தால் போதும். குதிகால் லேசாகத் தூக்கியிருந்தால் பரவாயில்லை. இடுப்பை ஒருபக்கம் சரித்தால்தான் கால் எட்டுகிறது என்றால், ஒவ்வொரு நிறுத்தத்திலும் உங்கள் முதுகெலும்பு கோணிக்கொள்கிறது என்று அர்த்தம்.

இதற்கு சீட்டின் உயரத்தை அப்படியே சீவித் தள்ளிவிடாதீர்கள். ஃபோம் மெலிந்துபோனால் அடித்தகடு இடிக்கும். டேங்க்கை ஒட்டி, தொடை இறங்கும் இரண்டு ஓரங்களை மட்டும் குறுக்கித் தரச் சொல்லுங்கள். கால் அகலாமல் நேராக இறங்குவதால், உயரம் குறையாமலே தரை எட்டும். ஃபோம் கெட்டியாக இருக்கட்டும். பஞ்சு மாதிரி மெத்தென்று இருப்பது கடையில் சுகம், பத்து கிலோமீட்டர் போனதும் அமுங்கி எலும்பில் குத்தும். சீட் முன்பக்கம் சரிந்திருந்தாலும் தொல்லைதான். வழுக்கி வழுக்கி டேங்க்கில் முட்டுவீர்கள், அதைத் தடுக்க உள்ளங்கைகளை ஊன்றுவீர்கள், மணிக்கட்டு வலிக்கும். கையில் வலி, காரணம் சீட்டில்! ஆறடி ஆட்களுக்கு இதற்கு நேர்மாறு. முழங்கால் மடங்கி இறுகும். அவர்களுக்கு ஓர் அங்குல ஃபோம் கூட்டினால் கால் விட்டுப்போகும்.

இரண்டாம் உலகப் போரில் ஜீப்பில் குலுங்கிக் குலுங்கிப் போன அமெரிக்க வீரர்களில் ஏராளமானோருக்கு வால் எலும்புப் பக்கம் சீழ்க்கட்டி வந்தது. டாக்டர்கள் அதற்கு ‘ஜீப் நோய்’ என்றே பெயர் வைத்தார்கள். குழி விழுந்த சீட்டைச் சாதாரணமாக நினைக்காதீர்கள்.

அடுத்து ஹேண்டில்பார். வண்டியை சென்டர் ஸ்டாண்டு போட்டு உட்காருங்கள். கண்ணை மூடி, தோள்களைத் தளர்த்தி, இரண்டு கைகளையும் இயல்பாக முன்னால் நீட்டுங்கள். கை எங்கே போகிறதோ அங்கே கைப்பிடி இருக்க வேண்டும். முழங்கை லேசாக மடங்கியிருக்க வேண்டும். அதற்காக கம்பு மாதிரி விறைப்பாக நிமிரவும் வேண்டாம்; பள்ளத்தில் விழும் ஒவ்வொரு அடியும் நேரே முதுகில் ஏறும். துளி முன்சாய்வு நல்லது.

பல வண்டிகளில் ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் கிளாம்ப் போல்ட்டுகளைத் தளர்த்தி, பாரை விரலளவு உங்கள் பக்கம் திருப்பினாலே பாதி பிரச்னை தீரும். கூலியோடு முடிந்துவிடும் வேலை. பிறகு கிளட்ச், பிரேக் லீவர்களை முன்கையும் விரல்களும் ஒரே நேர்க்கோட்டில் வரும்படி இறக்கி வைக்கச் சொல்லுங்கள். லீவர் தூக்கியிருந்தால் மணிக்கட்டு மேல்பக்கம் மடங்கியே இருக்கும். கட்டைவிரல் முதல் நடுவிரல் வரை மரத்துப்போகிறது என்று வருகிறவர்களிடம் இப்போதெல்லாம் நான் முதலில் கேட்பது லீவரைப் பற்றித்தான்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. ஹேண்டில்பாரைத் தொட்டால், இன்ஜினை ஓடவிட்டு இரண்டு பக்கமும் முழுசாக ஒடித்துப் பாருங்கள். கேபிளோ பிரேக் ஹோஸோ இழுபடக் கூடாது, இன்ஜின் சத்தம் தானாக ஏறக் கூடாது. காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். அதில் ஒன்றில் ஒடிக்கும்போது ஆக்ஸிலரேட்டர் கேபிள் தானாக இழுத்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. உயரமான பார் மாற்றினால் நீளமான கேபிளும் வேண்டும். மெக்கானிக் இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள்.

பிரேக் பெடலையும் கியர் லீவரையும் கால் தூக்காமல் எட்டும்படி வைப்பது சின்ன வேலை. ஆனால் சேஸியை வெட்டுவது, ஷாக் அப்சார்பரைக் குட்டையாக்குவது எல்லாம் வேண்டவே வேண்டாம். உயிருக்கும் ஆபத்து. ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் மாறும்படி வண்டியைத் திருத்துவதை 1988-ம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவும் தடுக்கிறது.

ஒரு சமயத்தில் ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள். ஒரு வாரம் வழக்கமான ரோட்டில் ஓட்டுங்கள். வலி எந்த இடத்தில் ஆரம்பிக்கிறது என்று கவனியுங்கள். நம் மஞ்சள் வியாபாரிக்கு முன்பெல்லாம் ராசிபுரம் எட்டுவதற்குள் இடுப்பு பிடித்துவிடும். பழைய ஹேண்டில்பாரை மாட்டி, சீட்டைத் திருத்திய பிறகு, போய்த் திரும்பும்போதுதான் லேசாகத் தெரிகிறது என்றார். அதற்குப் பிறகுதான் என் தைலமும் வேலை செய்தது! நொச்சி இலையை வதக்கித் துணியில் முடிந்து, பொறுக்கும் சூட்டில் ராத்திரி ஒற்றடம் கொடுக்கச் சொன்னேன். முக்கால் மணிக்கு ஒரு தரம் இறங்கி நடக்கச் சொன்னேன். வண்டியை நிறுத்தச் சோம்பல்பட்டு சிறுநீரை அடக்குகிறவர்களும் உண்டு. சித்த மருத்துவம் அடக்கக் கூடாது என்று சொல்லும் 14 வேகங்களில் அதுவும் ஒன்று.

வலியோடு காலில் பலம் குறைந்தாலோ, உட்காரும் இடம் மரத்தாலோ, சிறுநீர் பிரியாமல் நின்றாலோ, சீட்டையும் தைலத்தையும் மறந்துவிட்டு அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். நரம்பு நசுங்கும்போது ஒரு நாள் தாமதம்கூட ஆகாது.

இதையெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி மெதுவாகக் கேட்டார்: “ஏனுங்க, பின்னாடி உக்கார்றவங்களுக்கு ஒண்ணும் இல்லீங்களா?”

நியாயமான கேள்வி! சேலையோடு ஒருபக்கமாக உட்காரும்போது இடுப்பு திருகியே இருக்கிறது. இரண்டு பக்கம் கால் போட்டு உட்கார முடிந்தால் நல்லது. முடியாவிட்டால், இரண்டு பாதமும் முழுசாகப் பதிகிற அகலத்தில் ஃபுட்ரெஸ்ட் பலகை வேண்டும். பிடித்துக்கொள்ளக் கைப்பிடியும், சேலை சக்கரத்தில் சிக்காமலிருக்கத் தடுப்பும் 1989-ம் வருட மத்திய மோட்டார் வாகன விதிகளிலேயே கட்டாயம். இவர் மகன் அழகு பார்த்து அந்தத் தடுப்பையும் கழற்றிப் பரண்மேல் போட்டிருந்தான். மறுநாளே எடுத்து மாட்டச் சொன்னேன். இருவர் போகும்போது பின் ஷாக் அப்சார்பரை ஒரு படி இறுக்கி வைக்கவும் சொன்னேன்.

அடுத்த மாதம் அந்த அம்மா மருந்துக்கு வந்தபோது விசாரித்தேன். “எம்பட இடுப்பு இப்பத் தேவலைங்க. அவருதான் பள்ளம் பாத்து ஓட்ட மாட்டேங்கறாரு!” என்றார்.