எதைச் சுடாமல் விடுவது?

ஏவுகணைத் தடுப்பு அரண் அடுக்கடுக்காக அமைவதற்குக் காரணம், வந்து விழும் ஆயுதங்கள் ஒரே ரகமாக இல்லாததுதான். காஸாவிலிருந்து கிளம்பும் சிறிய ராக்கெட் அதிக உயரம் எழும்பாமல், ஒரு நிமிடத்துக்குள் பக்கத்து ஊரில் விழுந்துவிடும். ஈரானிலிருந்து ஏவப்படும் பாலிஸ்டிக் ஏவுகணை வளிமண்டலத்தைத் தாண்டி விண்வெளிக்குப் போய், ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடந்து, சுமார் 12 நிமிடங்களில் இஸ்ரேலுக்கு வந்து சேரும். குரூஸ் ஏவுகணை தரையை ஒட்டித் தாழப் பறந்து ரேடாரின் கண்ணுக்குத் தப்பப் பார்க்கும். ட்ரோன் மணிக்கு 200 கிலோமீட்டர்கூட எட்டாமல் மணிக்கணக்கில் ஊர்ந்து வரும். இவை அத்தனையையும் தடுக்கும் ஒரே கருவி இன்றுவரை எந்த நாட்டிடமும் இல்லை.

அடுக்கு முறைக்கு முழுமையான உதாரணம் இஸ்ரேல். ஆனால் அந்த அடுக்குகளை யாரும் முன்கூட்டியே வரைபடம் போட்டு, கீழிருந்து மேலாகக் கட்டவில்லை. உச்சி அடுக்குதான் முதலில் வந்தது. அடி அடுக்கு அதன் பிறகு. நடு அடுக்கு கடைசியில். நடந்த போர்கள் வகுத்த வரிசை அது.

1991 வளைகுடாப் போரில் ஈராக் ஏறத்தாழ 40 ஸ்கட் வகை ஏவுகணைகளை இஸ்ரேல் மீது ஏவியது. தடுப்பதற்கு அமெரிக்கா அவசரமாக அனுப்பிய பேட்ரியாட் தடுப்பு ஏவுகணை, அடிப்படையில் விமானங்களை வீழ்த்துவதற்காக உருவானது. ஈராக்கோ, தூரத்தைக் கூட்டுவதற்காகத் தன் ஸ்கட்களை நீட்டித்து வைத்திருந்தது. அந்த ஒட்டுவேலையால் அவை இறங்கும்போது நடுவானிலேயே உடைந்து சுழன்றன. விழும் துண்டுகளில் எது வெடிமுனை, எது வெற்றுத் தகரம் என்று பிரித்தறிவது கடினமாயிற்று. பேட்ரியாட் பெருவெற்றி என்றே அன்றைய செய்திகள் சொல்லின. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் தியோடர் போஸ்டல் வீடியோ பதிவுகளை ஆராய்ந்து, வெற்றி மிகமிகக் குறைவு என்று வாதிட்டார்.

அதே போரில் சவுதி அரேபியாவின் தஹ்ரான் நகரில் நடந்ததைப் பற்றி விவாதமே கிடையாது. பிப்ரவரி 25 அன்று ஒரு ஸ்கட் அமெரிக்கப் படைவீட்டின் மீது விழுந்து 28 வீரர்கள் இறந்தார்கள். அங்கே காவலுக்கு நின்ற பேட்ரியாட் ஒரு முறைகூடச் சுடவில்லை. அதன் கணினி 100 மணி நேரமாக அணைக்கப்படாமல் ஓடியதில், நேரக் கணக்கு மூன்றில் ஒரு விநாடி பிசகியிருந்தது. அந்த இடைவெளிக்குள் ஸ்கட் அரை கிலோமீட்டருக்கு மேல் பறந்துவிடும். ஏவுகணை இல்லாத இடத்தில் ரேடார் அதைத் தேடிக்கொண்டிருந்தது. பிழையைத் திருத்தும் மென்பொருள் மறுநாள் வந்து சேர்ந்தது.

அமெரிக்க நிதியுடன் 1980களின் இறுதியில் தொடங்கியிருந்த ‘ஏரோ’ திட்டம் இந்தப் போருக்குப் பின் வேகம் பிடித்தது. ஏரோ-2 ஏவுகணையின் முதல் தொகுதி 2000இல் பணிக்கு வந்தது. இது வளிமண்டலத்தின் மேற்பகுதியில் எதிரி ஏவுகணையை நெருங்கி வெடித்துச் சிதறி, சிதறல்களால் அதை அழிக்கிறது. 2017இல் சேர்ந்த ஏரோ-3 விண்வெளிக்கே போகிறது. அதில் வெடிமருந்து இல்லை. நேருக்கு நேர் மோதும் வேகம் ஒன்றே போதும். வருவது அணு அல்லது ரசாயன ஆயுதமாக இருந்தால், ஊரிலிருந்து எவ்வளவு உயரத்தில் உடைகிறதோ அவ்வளவு நல்லது.

உயரத்துக்கும் ஒரு விலை உண்டு. காற்றே இல்லாத வெளியில் கனத்த வெடிமுனையும் அதைப் போலத் தோற்றமளிக்கும் லேசான போலிப் பொருளும் ஒரே வேகத்தில், ஒரே பாதையில் போகும். இரண்டும் காற்றுக்குள் நுழைந்தபின்தான் லேசானது பின்தங்கும். ஆகவே மேலே தவறினால் கீழே மறுபடி சுட ஒரு வாய்ப்பு தேவை. ஏரோ-3க்குக் கீழே ஏரோ-2 நிற்பதன் பொருள் இதுதான்.

அடி அடுக்குக்கான நெருக்கடி 2006 லெபனான் போரில் வந்தது. ஹிஸ்புல்லா இயக்கம் அப்போது ஏவிய சுமார் 4,000 ராக்கெட்டுகளுக்கு எதிராக ஏரோவால் எதுவும் செய்ய இயலவில்லை. அடுத்த ஆண்டே பாதுகாப்பு அமைச்சர் அமீர் பெரெட்ஸ், ரஃபேல் நிறுவனத்தின் ‘அயர்ன் டோம்’ திட்டத்தைத் தேர்ந்தெடுத்தார். ராணுவத்துக்குள்ளேயே இதற்கு எதிர்ப்பு இருந்தது. அந்த எதிர்ப்பில் நியாயமும் இருந்தது: சில நூறு டாலர் மதிப்புள்ள ராக்கெட்டை வீழ்த்த 40,000, 50,000 டாலர் செலவிடுவது எந்தக் கணக்கில் சரி?

அயர்ன் டோம் இதற்குச் சொன்ன பதில், பெரும்பாலான ராக்கெட்டுகளைச் சுடாமல் விட்டுவிடுவது. ராக்கெட் கிளம்பிய சில விநாடிகளில் ரேடார் அதன் பாதையை அளக்கிறது. அது எங்கே விழும் என்று கணினி கணிக்கிறது. வயல்வெளியிலோ கடலிலோ விழுமென்றால் அதை யாரும் தொடுவதில்லை. குடியிருப்பு, மின்நிலையம், விமானத் தளம் என்றால் மட்டுமே தடுப்பு ஏவுகணை கிளம்பும். ஊடகங்களில் வரும் 90 சதவீத வெற்றி என்ற கணக்கும் சுட முடிவெடுத்த ராக்கெட்டுகளுக்கு மட்டுமே பொருந்தும். ஏவப்பட்ட மொத்தத்துக்கு அல்ல. முதல் தொகுதி 2011 மார்ச் மாதம் பீர்ஷெபா அருகே நிறுத்தப்பட்டது. ஏப்ரல் 7 அன்று அஷ்கெலோன் நகரை நோக்கி வந்த ராக்கெட்டை அயர்ன் டோம் வீழ்த்தியது.

இடையில் விழுந்த பள்ளத்தை நிரப்ப ‘டேவிட்ஸ் ஸ்லிங்’ 2017இல் வந்தது. ரஃபேலும் அமெரிக்காவின் ரேதியானும் சேர்ந்து உருவாக்கியது. நடுத்தர ராக்கெட்டுகள், குரூஸ் ஏவுகணைகள் இதன் பொறுப்பு. 2018 ஜூலையில் இது முதன்முதலாகப் போரில் சுடப்பட்டபோது, எல்லையை நோக்கி வந்த சிரியாவின் ஏவுகணைகள் சிரியாவுக்குள்ளேயே விழப்போவது தெரியவந்தது. கிளம்பிவிட்ட இரண்டில் ஒன்றை நடுவானில் தாங்களே வெடிக்கவைத்தார்கள். கணிப்பு சில விநாடிகள் தாமதித்தால் ஏறத்தாழ பத்து லட்சம் டாலர் பொருள் வீணாகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இந்த அடுக்குகளை ஒன்றாக இயங்கவைப்பது ஏவுகணைகளைவிட அவற்றுக்குப் பின்னால் இருக்கும் கண்காணிப்பு வலை. ஏவுகணை கிளம்பும் வெப்பத்தை அமெரிக்கச் செயற்கைக்கோள்கள் முதலில் காண்கின்றன. நெகேவ் பாலைவனத்தில் 2008இல் நிறுவப்பட்ட சக்திவாய்ந்த ரேடாரையும் அமெரிக்க வீரர்களே இயக்குகிறார்கள். ‘சொந்த அரண்’ என்ற பெருமைப் பேச்சில் இந்தப் பகுதி பெரும்பாலும் விடுபட்டுப்போகும்.

2024 ஏப்ரலில் ஈரான் 300க்கும் மேற்பட்ட ட்ரோன்களையும் ஏவுகணைகளையும் ஒரே இரவில் ஏவியது. ஏறக்குறைய எல்லாமே வீழ்த்தப்பட்டன. அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், ஜோர்டான் உதவின. மெதுவாக வந்த ட்ரோன்கள் எல்லையைத் தொடும் முன்பே பலவும் விமானங்களால் அழிக்கப்பட்டன. அதே ஆண்டு அக்டோபர் 1 அன்று வந்தவை ஏறக்குறைய 200 பாலிஸ்டிக் ஏவுகணைகள் மட்டுமே; ட்ரோன்கள் இல்லை, எச்சரிக்கை நேரமும் குறைவு. நெவாதிம் விமானத் தளத்தில் பல விழுந்தன. அதே மாதம் அமெரிக்கா தன் ‘தாட்’ தடுப்பு ஏவுகணைத் தொகுதி ஒன்றை இஸ்ரேலுக்கு அனுப்பியது. 2025 ஜூனில் 12 நாள் நடந்த போரில் ஈரான் 500க்கும் மேற்பட்ட பாலிஸ்டிக் ஏவுகணைகளை ஏவியது. பெரும்பகுதி தடுக்கப்பட்டாலும், தப்பியவை டெல் அவிவ் பகுதியிலும் வேறு நகரங்களிலும் கட்டடங்களை இடித்து உயிர்களைப் பறித்தன.

அந்தப் போரில் கவலை தந்தது கையிருப்பு. மேலடுக்கின் ஒரு தடுப்பு ஏவுகணை பல பத்து லட்சம் டாலர். ஒன்றைச் செய்து முடிக்க மாதங்கள் ஆகும். ஒரு இலக்குக்கு இரண்டு சுடுவது வழக்கம் என்பதால் கிடங்கு இரட்டை வேகத்தில் காலியாகும். கீழடுக்கில் இந்தச் சுமையைக் குறைக்கத்தான் ‘அயர்ன் பீம்’ லேசர். ஒவ்வொரு சுடுதலுக்கும் மின்சாரச் செலவு மட்டுமே. ஆனால் மேகமும் தூசியும் அதன் வலிமையைக் குறைத்துவிடும்.

மற்ற நாடுகள் இதே அடுக்குகளை அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. எல்லைக்கு அப்பாலிருந்து குறுந்தூர ராக்கெட் விழும் அச்சம் இல்லாத ஜெர்மனி, அயர்ன் டோமைத் தொடாமல் ஏரோ-3ஐ மட்டும் 2023இல் வாங்க ஒப்பந்தம் செய்தது. அதற்குக் கீழே பேட்ரியாட்டும் அந்நாட்டின் சொந்த ஐரிஸ்-டி அமைப்பும் நிற்கின்றன. அமெரிக்கத் தாய்நிலத்தைக் காக்க அலாஸ்காவிலும் கலிஃபோர்னியாவிலும் 44 தடுப்பு ஏவுகணைகள் உள்ளன. வட கொரியா போன்ற சிறிய ஆயுதக் கிடங்கு கொண்ட நாட்டைக் கணக்கிட்டு வைத்த எண்ணிக்கை அது. ரஷ்யாவின் கிடங்குக்கு முன் அது போதவே போதாது.

(தொடரும்)