ஒற்றைப் பிள்ளை

"ஒன்றே பெற்றாலும் நன்றே பெறு" என்பது ஒரு பழமொழி. "தம்பி உடையான் படைக்கு அஞ்சான்" என்பது மற்றொன்று. இரண்டையும் நமக்குச் சொன்னவர்கள் நம் பாட்டிமார்களே! இவற்றுள் எதைக் கைக்கொள்வது என்ற சங்கடம் நாலைந்து பிள்ளைகள் பிறந்த அந்நாளைய வீடுகளில் எழவில்லை. இன்று எழுந்திருக்கிறது.

ஆவடிக்கு வடக்கே, ஏரியும் பெருமாள் கோவிலும் உடைய கோவில்பதாகையைப் பாருங்கள். முன்பு கிராமம், இன்று ஆவடி மாநகராட்சியின் ஒரு பகுதி. 1960-களில் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை எழுந்த பிறகு, பல ஜில்லாக்களிலிருந்தும் குடும்பங்கள் இவ்வட்டாரத்துக்கு வந்து சேர்ந்தன. பாட்டன் வீட்டுக் கூடத்தை விட்டு வந்தவர்களுக்குச் சிறு வீடே வாய்த்தது. வீட்டோடு குடும்பமும் சிறுத்தது. தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1992-93-ல் 2.5 குழந்தைகள், 2019-21-லோ 1.8 தான். தலைமுறை குன்றாதிருக்க 2.1 வேண்டும்.

ஒற்றைப் பிள்ளை என்றால் செல்லம் கொடுத்துக் கெட்ட பிள்ளை என்று ஊர் சொல்லும். ஊர் மட்டுமா? 1898-ல் பொஹானன் என்ற அமெரிக்கரும் ஏறக்குறைய அப்படித்தான் எழுதினார். ஆனால் 1986-ல் டோனி ஃபால்போ, டெனிஸ் பொலிட் என்னும் இரு பெண் அறிஞர்கள் 115 ஆராய்ச்சிகளை ஒருங்கே சீர்தூக்கிப் பார்த்தார்கள். குணத்திலும் பிறரோடு பழகுவதிலும் ஒற்றைப் பிள்ளைகள் மற்றவர்களுக்குக் குறைந்தவர்களல்லர். சாதனையில் சற்று மேலானவர்கள் என்றே கண்டார்கள். பெற்றோரின் பொழுதும் பொருளும் பங்கு போடப்படாமல் ஒருவருக்கே கிடைப்பது சிறிய பாக்கியமா?

அப்படியானால் குறையே இல்லையா? உண்டு. அது பிள்ளையின் குணத்தில் இல்லை. உறவின் கணக்கில் இருக்கிறது. காது குத்தும்போது குழந்தையை மடியில் வைத்துக்கொள்பவர் தாய்மாமன். மணப்பந்தலில் தாலிக்கு முடிச்சுப் போடுபவள் நாத்தனார். ஒற்றைப் பிள்ளைகள் இருவர் மணம் புரிந்தால், அவர்கள் குழந்தைக்கு மாமனும் இல்லை, அத்தையும் இல்லை. சித்தியும் பெரியப்பாவும் வெறும் சொற்களாகி விடுகின்றன.

அதைவிடப் பெரிய பாரம் பின்னால் வருகிறது. அவ்விருவருக்கும் வயோதிகப் பெற்றோர் நால்வர். முதியோரைப் பராமரிக்கும் கடமையை 2007-ஆம் ஆண்டின் சட்டம் மகனுக்கும் மகளுக்கும் ஒருங்கே விதித்திருக்கிறது. ஆனால் ஆஸ்பத்திரி வாசலில் இரவெல்லாம் கண் விழிக்க, "நீ வீட்டுக்குப் போ, நான் இருக்கிறேன்" என்று சொல்லும் உடன்பிறப்பைச் சட்டம் தருமா? பெற்றோரின் இளமையை நினைவு வைத்திருக்கும் மற்றொரு நெஞ்சுதான் கிட்டுமா?

இதற்காகப் பிள்ளைகளைப் பெருக்குங்கள் என்று எவரும் சொல்லப் போவதில்லை. அது அவரவர் சக்தியையும் விருப்பத்தையும் பொறுத்தது. ஒற்றைப் பிள்ளையை உடைய பெற்றோர் செய்யத்தக்கவை இரண்டு. ஒன்று, விடுமுறை தோறும் ஒன்றுவிட்ட சகோதரரோடும் தெருப் பிள்ளைகளோடும் அதைக் கலந்து வளர்ப்பது. சண்டையிட்டுச் சமாதானமாகும் வித்தை அங்கேதான் வரும். மற்றொன்று, தங்கள் முதுமைக்கு வேண்டியதைத் தாங்களே இயன்றவரை சேர்த்து வைப்பது. தனிமரம் தோப்பாகாதுதான். ஆயினும் பக்கத்து மரங்களோடு கிளை பின்னி நிற்க அதற்குத் தடை ஏது?