எந்த கேம் நல்ல கேம், தங்கச்சி?

மாலை நிகழ்ச்சியில் நேயர் அழைப்பு நேரம். பெரும்பாலும் பாட்டுக் கேட்கத்தான் அழைப்பார்கள். அன்று வந்தவர் லாரி ஓட்டுநர். பாட்டு வேண்டாம், ஒரு சந்தேகம் என்றார்.

"தங்கச்சி, மகன் பிளேஸ்டேஷன் 5 கேட்கிறான். ரெண்டாயிரம் வெள்ளிக்கு மேல சொல்றாங்க. கிராஃபிக்ஸ் சூப்பரா இருக்குமாம். வேற மெஷின்ல கிடைக்காத கேம் எல்லாம் அதுல இருக்காம். எந்த கேம் நல்ல கேம்னு எனக்கு எப்படித் தெரியும்? வாங்கிக் கொடுக்கலாமா?"

விளம்பரத்துக்கு நாற்பது வினாடிதான் பாக்கி. "பிள்ளையோடு உட்கார்ந்து ஒருமுறை விளையாடிப் பாருங்க அண்ணே" என்று ஏதோ சொல்லிச் சமாளித்துப் பாட்டைப் போட்டுவிட்டேன். வீடு திரும்பும்போது கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலில் அந்தக் கேள்வியும் கூடவே வந்தது. அவர் நியாயமாகத்தான் கேட்டார், நான் நழுவிவிட்டேன். அன்று சொல்லாமல் விட்டதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

முதலில் கிராஃபிக்ஸ். ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: நான் கிராஃபிக்ஸே இல்லாத தொழிலில் இருப்பவள். வானொலியில் படம் என்பது கேட்பவர் தலைக்குள் ஓடுவதுதான். அதனால் இந்த விஷயத்தில் நான் கொஞ்சம் ஒருதலைப்பட்சம்.

சுங்கை வேயில் எங்கள் அடுக்குமாடி வீட்டுக்கு முதலில் வந்தது மைக்ரோ ஜீனியஸ். நிண்டெண்டோவின் நகல் மெஷின். முப்பது வயதைத் தாண்டிய பலருக்கு ஞாபகம் இருக்கும். கேசட்டில் '999 கேம்' என்று போட்டிருக்கும். எண்ணிப் பார்த்தால் பத்துப் பன்னிரண்டுதான் பெயர் மாறி மாறி வரும். அதில்தான் சூப்பர் மாரியோ பிரதர்ஸ் விளையாடினோம். 1985இல் வந்த அந்த விளையாட்டின் மொத்த அளவு 40 கிலோபைட். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படத்தின் இடத்தில் அதை ஐம்பது முறைக்கு மேல் அடுக்கலாம். இடத்தை மிச்சம் பிடிக்க வானத்து மேகத்தையும் தரையில் இருக்கும் புதரையும் ஒரே படமாக வரைந்து, நிறத்தை மட்டும் மாற்றியிருந்தார்கள். பல ஆண்டுகள் நான் கவனிக்கவே இல்லை. நீங்களும் கவனித்திருக்க மாட்டீர்கள்.

ஆனால் அதன் முதல் காட்சியை நினைத்துப் பாருங்கள். விளக்கமாக ஓர் எழுத்துக்கூடக் கிடையாது. இடது பக்கம் மாரியோ நிற்கிறார், வலது பக்கம் காலியாகக் கிடக்கிறது. சரி, அந்தப் பக்கம்தான் போக வேண்டும். காளான் மாதிரி ஒன்று எதிரே வருகிறது. முட்டினால் உயிர் போய்விடும், அடுத்த தடவை தாண்டுவோம். தாண்டும்போது தலை மேலே கட்டையில் இடிக்கும், காசு கொட்டும். அரை நிமிடத்தில் எல்லாப் பாடமும் முடிந்தது. எட்டு வயதில் எனக்கு யாரும் எதையும் சொல்லித் தரவில்லை. அண்ணன் குளிக்கப் போகும் நேரத்தில் மட்டும்தான் கட்டுப்பாட்டுக் கருவி என் கைக்கு வரும். அந்த நேரமே போதுமானதாக இருந்தது.

அதற்காக கிராஃபிக்ஸ் வீண் என்று சொல்லவில்லை. உண்மையைப் போலவே காட்ட முயலும் படம் சீக்கிரம் கிழடாகிவிடும். தனக்கென்று ஒரு பாணி வைத்திருக்கும் படம் நிற்கும். 2002இல் ஜப்பானில் வெளிவந்த செல்டாவின் 'விண்ட் வேக்கர்' கார்ட்டூன் மாதிரி இருக்கிறது என்று அப்போது கேலி செய்தார்கள். இன்று பார்த்தாலும் அது அழகாக இருக்கிறது. அதே காலத்தில் 'நிஜம் மாதிரியே' என்று விளம்பரம் செய்த பல விளையாட்டுகளின் முகங்கள் இன்று மெழுகு பொம்மை மாதிரி தெரிகின்றன.

இன்னொன்று: பிள்ளைகள் வாய் பிளந்து பார்க்கும் அந்த கிராஃபிக்ஸில் கொஞ்சம் நம் கிள்ளான் பள்ளத்தாக்கிலேயே வரையப்படுகிறது. 2020இல் வந்த 'கமாண்ட் அண்ட் காங்கர்' மறுபதிப்பின் ஓவிய வேலையில் இங்குள்ள லெமன் ஸ்கை நிறுவனத்துக்குப் பெரும் பங்குண்டு. 'வார்கிராஃப்ட் 3' மறுபதிப்பிலும் அவர்கள் கை இருக்கிறது. வரைகலை படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் இதைக் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

அப்படியென்றால் நல்ல விளையாட்டு எது? என் பதில் இதுதான்: கை செய்வதும் கதை சொல்வதும் ஒன்றாக இருக்கும் விளையாட்டு.

இதை நான் புரிந்துகொண்டது பிளேஸ்டேஷன் 2இல். சுங்கை வே தொழிற்பேட்டையில் அம்மா மூன்று ஷிப்டிலும் வேலை பார்த்தார். உருப்பெருக்கி வழியாகப் பார்த்து, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியைச் சிப்பில் இணைக்கும் வேலை. ஓர் ஆண்டு போனஸ் பணத்தில் பழைய மெஷின் ஒன்று வாங்கிக் கொடுத்தார். 'ஷேடோ ஆஃப் த கொலாசஸ்' என்ற விளையாட்டு என் கைக்கு வந்தபோது எனக்குப் பதினேழு வயது. இறந்த பெண்ணை எழுப்ப ஓர் இளைஞன் பதினாறு பூதங்களைக் கொல்ல வேண்டும். மலை மாதிரி இருக்கும் பூதத்தின் மேல் ஏற வேண்டும். பிடித்துக்கொள்ள ஒரு பொத்தானை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும், விட்டால் விழுந்துவிடுவான். பூதம் உலுக்கும், அவன் பிடி தளரும், நம் ஆள்காட்டி விரலும் வலிக்கும். அவன் தொங்குவதும் என் விரல் வலிப்பதும் ஒன்றாகிவிட்டன. பூதம் சாயும்போது மகிழ்ச்சியே வராது. பாவம், அது தன் பாட்டுக்கு இருந்தது, நாம்தான் போய்க் கொன்றோம் என்று இருக்கும். ஊடகத்துறையில் பட்டம் வாங்கியபோது இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். விரல் வலியைப் பற்றி எழுதியதை மட்டும் விரிவுரையாளர் அடித்துவிட்டார். இன்றும் அதுதான் கட்டுரையின் ஒரே உருப்படியான பகுதி என்பேன்.

அந்த விளையாட்டை ஓட்ட அந்த மெஷினே திணறும். பூதம் வந்தால் படம் மெதுவாகும். 2018இல் பிளேஸ்டேஷன் 4க்கு முழுக்க மறுபடி வரைந்து வெளியிட்டார்கள். புல், தோல், வெளிச்சம் எல்லாம் பிரமாதம். ஆனால் வலித்தது அதே விரல்தான்.

இனி, 'வேற மெஷின்ல கிடைக்காத கேம்' விவகாரம். எங்கள் வீட்டில் பிளேஸ்டேஷன், கிள்ளானில் அத்தை வீட்டில் எக்ஸ்பாக்ஸ். 'ஹேலோ' அங்கே மட்டும்தான் ஓடும். தீபாவளிக்கு அத்தை வீட்டுக்குப் போக எனக்கும் அண்ணனுக்கும் இருந்த பெரிய காரணம் முறுக்கு இல்லை, ஹேலோதான். நான்கு பேர் ஒரே தொலைக்காட்சியைப் பங்கு போட்டு, தள்ளுமுள்ளு செய்துகொண்டு, ஒருவர் திரையை இன்னொருவர் எட்டிப் பார்த்துச் சண்டை போட்டு விளையாடினோம். பின்னால்தான் தெரிந்தது, ஹேலோவை 1999இல் முதலில் மேடையில் காட்டியபோது அது ஆப்பிள் கணினிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். மறு ஆண்டு மைக்ரோசாஃப்ட் அந்த நிறுவனத்தையே வாங்கியது. 2001இல் ஹேலோ எக்ஸ்பாக்ஸின் சொத்தாக வெளிவந்தது. தரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அது கடை திறக்கும்போது வாசலில் கட்டும் வாழைமரம்.

இதில் நல்ல பக்கமும் உண்டு. ஒரே மெஷினுக்குச் செய்பவர்கள் அதன் மூலை முடுக்கெல்லாம் அறிந்து பிழிந்து எடுக்கிறார்கள். சின்னக் குழுவுக்கு அது விளம்பரமும்கூட. இந்தியாவின் புனே நகரில் செய்த 'ராஜி' 2020 ஆகஸ்டில் நிண்டெண்டோ ஸ்விட்சில் மட்டும்தான் முதலில் வந்தது, மற்ற மெஷின்களுக்கு அக்டோபரில் வந்தது. 2017இல் பொதுமக்களிடம் நிதி திரட்டும் முயற்சியில் தோற்ற குழு அது. நிண்டெண்டோ தன் மேடையில் இடம் கொடுத்ததால் உலகம் திரும்பிப் பார்த்தது.

ஆனால் அண்ணே, இந்த மதில் சுவர்கள் இப்போது இடிந்துகொண்டிருக்கின்றன. பிளேஸ்டேஷனுக்கே உரியது என்று சொன்ன 'ஹொரைசன் ஜீரோ டான்' 2020இலும் 'காட் ஆஃப் வார்' 2022இலும் கணினிக்கு வந்துவிட்டன. எக்ஸ்பாக்ஸின் 'ஃபோர்சா ஹொரைசன் 5' 2025 ஏப்ரலில் பிளேஸ்டேஷன் 5க்கே வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் ஹேலோவும் அங்கே வரும் என்று அறிவித்தார்கள். அதைக் கேட்டு அண்ணன் ஒரு நிமிடம் பேசவே இல்லை. நிண்டெண்டோ மட்டும்தான் மாரியோவையும் செல்டாவையும் போட்டி மெஷின்களுக்கு அனுப்பாமல் வைத்திருக்கிறது. ஆக, அந்த ஒரு விளையாட்டுக்காக மட்டுமே மெஷின் என்றால் அவசரப்பட வேண்டாம். இரண்டு மூன்று ஆண்டு பொறுத்தால் அது நீங்கள் இருக்கும் இடத்துக்கே வரக்கூடும், விலையும் குறைந்திருக்கும்.

வானொலியில் சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்ட விளையாட்டு ஒன்று இருக்கிறது. பெயர் 'வெண்பா'. கனடாவின் டொராண்டோவில் விசை கேம்ஸ் என்ற சிறு குழு செய்தது, 2023 ஜூலை 31ஆம் தேதி வந்தது. மெஷின் பேதமில்லை, ஸ்விட்ச், பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ், கணினி எல்லாவற்றிலும் கிடைக்கும். 1980களில் கனடாவுக்குக் குடியேறிய தமிழ்க் குடும்பம். வெண்பா, கணவர் பாவலன், மகன் கவின். துப்பாக்கி இல்லை, ஓட்டம் இல்லை. சமைக்க வேண்டும். வெண்பாவின் அம்மா கொடுத்த சமையல் குறிப்புப் புத்தகம் கிழிந்தும் கறைபட்டும் கிடக்கிறது. விட்டுப்போன வரியை நாம் யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டும். சமைக்கும்போது தமிழ்த் திரைப்பாட்டு பாணியில் புதிதாக இசையமைத்த பாடல்கள் ஓடும். 2024இல் பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் சிறந்த அறிமுக விளையாட்டு விருது அதற்குத்தான் கிடைத்தது. ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும் என்பது என் குறை. தோற்றால் தண்டனையும் கிடையாது. அறுபது மணி நேரம் ஓட வேண்டும் என்பவர்களுக்கு இது சரிப்படாது.

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை. சுங்கை வே வீட்டில் அம்மா, அண்ணன் மகன், நான். அவனுக்குப் பதினொரு வயது, தேசியப் பள்ளி. தமிழ் கேட்டால் பாதி புரியும், பதில் வேறு மொழியில் வரும். பாட்டிக்கும் பேரனுக்கும் இடையில் பேச்சு 'சாப்பிட்டியா', 'ம்' என்பதோடு முடிந்துவிடும். என் மடிக்கணினியில் வெண்பாவைப் போட்டேன். "கிராஃபிக்ஸ் கார்ட்டூன் மாதிரி இருக்கே அத்தை" என்று முகம் சுளித்தான். சரி, விளையாடு என்றேன்.

முதல் அத்தியாயம் இட்லி. திரையில் ஆங்கிலம், அதனால் பாட்டிக்கு அவன்தான் சொல்ல வேண்டும். "பாட்டி, அந்த புக் கிழிஞ்சிருச்சு... அவங்களுக்குத் தட்டு எப்படி வைக்கறதுன்னு தெரியல." நான் அறிந்து அவன் பாட்டியிடம் பேசிய நீளமான வாக்கியம் அதுதான். தட்டுகளை அவன் இஷ்டத்துக்கு அடுக்கினான், சொதப்பியது. இன்னொரு முறை, மறுபடியும் சொதப்பல்.

நானும் இதில் உதவ முடியாது. எந்தப் பொத்தான் என்று எனக்குத் தெரியும், இட்லித் தட்டு அடுக்கத் தெரியாது. காலை உணவை வானொலி நிலையத்துக் கேண்டீனில் முடிப்பவள் நான்.

அம்மா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் வந்தார். ஆலையில் உருப்பெருக்கியைப் பார்த்த மாதிரியே தலையைக் குனிந்து பார்த்தார். "குழிக்கு நேரே குழி வைக்காதடா. கீழ இருக்கற இட்லி மேல் தட்டுல ஒட்டிக்கும். திருப்பி வை."

"குழினா என்ன?" என்று என்னைத்தான் கேட்டான்.

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டார். பாத்திரங்கள் உருளும் சத்தம். நடுத்தண்டோடு இட்லித் தட்டைத் தூக்கி வந்து, மடிக்கணினிக்குப் பக்கத்திலேயே வைத்து, அவன் விரலைப் பிடித்து அந்தப் பள்ளத்தில் அழுத்தினார். "இதான் குழி. இப்படி வைக்கக் கூடாது. இப்படி." தட்டை ஒரு திருப்பு திருப்பினார். அவன் தானும் ஒருமுறை திருப்பிப் பார்த்தான். அடுத்த தட்டு, அதற்கு அடுத்தது. திரையில் வெண்பா காத்துக்கொண்டிருந்தாள்.

அன்று இரவு எங்கள் வீட்டில் இட்லி. மாவு கடையில் வாங்கியதுதான். தட்டை அவன் அடுக்கினான்.