வளரும் பிள்ளையும் அளவுகோலும்



பிள்ளையின் அரைஞாண் இறுகுகின்றது. கையில் இட்ட காப்பு நெருக்குகின்றது. இவற்றைக் கண்ட பாட்டிமார் பிள்ளை தேறிவிட்டதென மகிழ்வர். உடலை அளந்து நலத்தை அறியும் வழக்கம் நம் வீடுகளுக்குப் புதியதன்று. ஆயினும், அரைஞாண் இறுகாதிருக்கும்போது அதன் காரணத்தை வினவுவோர் சிலரே. நாள்தோறும் பார்த்துப் பழகிய கண்ணுக்குப் பிள்ளையின் மெலிவு எளிதிற் புலப்படுவதில்லை. அதனாலேயே தராசும் அளவுகோலும் வேண்டப்படுகின்றன.

பிரான்ஸ் தேசத்து மொன்பெயார் பிரபு, 1759ஆம் ஆண்டிற் பிறந்த தம் மகனின் உயரத்தை 1777ஆம் ஆண்டுவரை, ஏறக்குறைய ஆறு மாதங்களுக்கு ஒரு முறை அளந்து குறித்து வந்தார். இயற்கை நூலறிஞர் பூஃபோன் அக்குறிப்புகளை வெளியிட்டார். சிசுப் பருவத்தில் விரைந்து செல்லும் வளர்ச்சி பின்னர் படிப்படியாகத் தளர்வதும், குமரப்பருவத்தில் மீண்டும் வேகங்கொள்வதும் அவற்றிலிருந்து விளங்கின. ஒரே பிள்ளையைத் தொடர்ந்து அளந்ததன் பயன் இது.

இவ்வுண்மையை ஏழை மக்களின் நலனுக்கு உதவச் செய்தவருள் ஒருவர் ஆங்கில வைத்தியர் டேவிட் மோர்லி. நைஜீரியாவிற் பணியாற்றியபோது, பிள்ளையின் வயதுக்கேற்ற நிறையை மாதந்தோறும் புள்ளியிட்டுக் கோடாக வரையும் அட்டையை அவர் அமைத்தார். அதனைத் தாயாரிடமே கொடுத்துவைத்தார். இன்று நம் நாட்டுத் தாய்மார் கையில் இருக்கும் வளர்ச்சிப் பதிவேட்டிலும் இத்தகைய கோடே வரையப்படுகின்றது.

அக்கோட்டினை வாசிக்கும் முறை யாது? புள்ளி எங்கே நிற்கின்றது என்பதோடு, கோடு எத்திசையிற் செல்கின்றது என்பதையும் நோக்குதல் வேண்டும். சிறிய உருவினதாயினும், அச்சிட்ட கோட்டினை ஒட்டி மாதந்தோறும் உயரும் பிள்ளையைப் பற்றிப் பெரிதும் அஞ்ச வேண்டியதில்லை. கொழுகொழுவென்று காணப்படும் பிள்ளையின் கோடு இரண்டு மூன்று மாதங்கள் கிடையாகச் சென்றால், அது எச்சரிக்கையாகும். கோடு கீழ்நோக்கிச் சரிந்தாற் காலந்தாழ்த்தலாகாது. நிறை குன்றுமுன் பிள்ளைக்கு வயிற்றோட்டமோ காய்ச்சலோ வந்திருக்கலாம். தாய்ப்பாலுடன் துணையுணவு தொடங்கும் வேளையில் உணவு போதாதிருக்கலாம்.

நிறையுடன் உயரமும் அளக்கப்படுதல் வேண்டும். உயரத்துக்கேற்ற நிறையின்மை அண்மையில் நேர்ந்த மெலிவைக் காட்டும்; வயதுக்கேற்ற உயரமின்மை நெடுங்காலக் குறையைக் காட்டும். இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளையைப் படுக்கவைத்தும், அதற்கு மேற்பட்ட பிள்ளையை நிறுத்தியும் அளப்பர். படுக்கையில் எடுத்த அளவு ஏறக்குறைய 0.7 சென்ரிமீற்றர் கூடுதலாக இருக்குமாதலின், இருமுறைகளையும் கலத்தல் பிழையாகும். ஆறு மாதம் முதல் ஐந்து வயதுவரையுள்ள பிள்ளையின் மேற்கையின் நடுப்பகுதியைச் சுற்றி நாடாவால் அளப்பதும் உண்டு. அவ்வளவு 11.5 சென்ரிமீற்றருக்குக் குறைந்தால், அது கடுமையான போசாக்கின்மையின் அறிகுறி.

"எங்கள் பரம்பரையே குட்டைதான்" என்று அமைதி கூறுவோர் பலர். உலக சுகாதார நிறுவனம் 1997 முதல் 2003 வரை பிரேசில், கானா, இந்தியா, நோர்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளிற் பிள்ளைகளை அளந்தது. தாய்ப்பாலும் நல்லுணவும் சுகாதாரமும் வாய்க்கப்பெற்ற அப்பிள்ளைகள், நாடு வேறாயினும் ஐந்து வயதுவரை பெரும்பாலும் ஒத்த அளவிலேயே வளர்ந்தனர். 2006ஆம் ஆண்டில் வெளியான உலக வளர்ச்சி அளவுகள் இவ்வாய்வின் அடிப்படையிலேயே அமைந்தன. தாய் தந்தையரின் உயரம் பிள்ளைக்கு ஓரளவு வருமென்பது மெய்யே. ஆனால், பசியாலும் நோயாலும் வந்த குறையைப் பரம்பரையின் மேற் சுமத்தலாகாது.

இதனை வற்புறுத்துவதற்குக் காரணமுண்டு. பாடசாலையில் வைத்திய பரிசோதனை நடக்கும்போது முதலாம் வகுப்புப் பிள்ளைக்கு வயது ஐந்தைத் தாண்டிவிடும். உயரக்குறைவோ பெரும்பாலும் கருவில் தொடங்கி இரண்டு வயதுக்குள் நேர்ந்துவிடுவது. அக்காலத்து இழப்பு உடலோடு நில்லாமல், கற்கும் ஆற்றலையும் தாக்கக்கூடும். பின்னர் வழங்கும் உணவு நன்மை தருமாயினும், இழந்தது முழுவதையும் மீட்டல் அரிது. ஆதலின் அளக்கும் பணி தொட்டிற் பருவத்திலேயே தொடங்குதல் வேண்டும்.

அளப்போருக்கும் ஒரு வார்த்தை. நிறை குறைந்த பிள்ளையின் தாயைப் பலர் முன்னிலையிற் கடிந்துரைத்தால், அடுத்த மாதம் அவள் வரமாட்டாள். கோடும் அங்கேயே அறுந்துபோகும். வீட்டில் யார் சமைக்கின்றார், தாய் வேலைக்குச் செல்கின்றாளா, குடிநீர் எங்கிருந்து வருகின்றது என்று அன்புடன் வினவுதலே தகும். அளவுகோல் குறையைக் காட்டும். அதனைப் போக்குவது சோறும், தூய நீரும், தக்க வேளையிற் கிடைக்கும் மருத்துவமுமேயாம்.

உங்கள் வீட்டிற் குழந்தை இருப்பின், இன்றே அப்பதிவேட்டை எடுத்து, கடைசிப் புள்ளி எம்மாதத்தில் இடப்பட்டது என்று பாருங்கள்.