மலையைச் செப்பனிட்டு மீனை அழைத்தோர்

நமது நாட்டுக் கடைகளிலே "சமன்" என்று கேட்டால் தகரப்பேணியில் அடைத்த மீனொன்றை எடுத்துத் தருவார்கள். பேணியினுள் இருப்பது பெரும்பாலும் சமன் மீன் அன்று. கும்பளா, பாரை ஆகியவற்றுக்கு உறவான ஒரு மலிவான மீனே அது. பெயர் மாத்திரம் எப்படியோ ஒட்டிக்கொண்டது. மெய்யான சமன், அதாவது சால்மன், குளிர்ந்த வடபுலக் கடல்களுக்கு உரியது. ஆற்றிலே பிறந்து, கடலிலே வளர்ந்து, முட்டையிடுவதற்காக மீண்டும் தான் பிறந்த ஆற்றையே தேடி ஏறிவரும் விந்தையான பிராணி அது. அம்மீன் திரும்பி வருவதற்கு ஏற்றதாகத் தங்கள் ஆற்றை மீட்டெடுக்க முயன்ற ஒரு சிறு மலைநாட்டு மக்களைப் பற்றியே, நேயர்களே, இன்று உங்களுடன் பேச விழைகிறேன்.

அமெரிக்க ஐக்கிய நாட்டின் கலிபோர்ணியா மாநிலத்தில், சான் பிரான்சிஸ்கோ நகருக்கு வடக்கே ஏறத்தாழ 200 மைல் தொலைவில், மட்டோல் என்னும் ஆறு பசுபிக் சமுத்திரத்தில் கலக்கின்றது. நீளம் 62 மைல். அதன் நீரேந்து பிரதேசம் 300 சதுர மைலுக்குச் சற்று அதிகம். அங்கே மலைகள் கடலோரத்திலிருந்தே செங்குத்தாக எழுகின்றன. கரையோரமாக வரும் நெடுஞ்சாலையே அவ்விடத்தில் கடலைக் கைவிட்டு உள்நாட்டுப் பக்கமாகத் திரும்பிவிடுகின்றது. ஆதலின் அக்கரைக்குத் "தொலைந்த கரை" என்றே பெயர் வழங்குகின்றது. பெற்றோலியா, ஹனிடியூ என்ற சிற்றூர்களும், மலைச்சரிவுகளில் சிதறிக் கிடக்கும் வீடுகளும், மேய்ச்சல் நிலங்களுமே அங்குள்ள குடியிருப்பு. மக்கள் தொகை இரண்டாயிரம் பேரளவில். மழையோ சில இடங்களில் ஆண்டுக்கு 100 அங்குலத்தையும் கடக்கும். ஆனால் அம்மழை முழுவதும் ஐப்பசிக்கும் சித்திரைக்கும் இடைப்பட்ட காலத்தில் கொட்டித் தீர்ந்துவிடும். கோடையிலே துளியும் இராது. பூமியின் மேலோட்டுப் பாளங்கள் மூன்று சந்திக்கும் இடத்துக்கு அண்மையில் இருப்பதால் நிலநடுக்கமும் அடிக்கடி நிகழும். 1992ஆம் ஆண்டு ஏப்ரில் மாதத்தில் நிகழ்ந்த பெரிய நடுக்கத்தைப் பெற்றோலியா மக்கள் இன்றும் சொல்லிக்கொள்வார்கள். இளகிய பாறை, செங்குத்தான சரிவு, பெருமழை ஆகிய மூன்றும் கூடிய இடத்திலே மண்ணைப் பிடித்து வைத்திருப்பது மரம் ஒன்றே.

அவ்வாற்றுக்குப் பெயர் கொடுத்தவர்கள் மட்டோல் என்னும் பழங்குடியினர். அவர்களும், ஆற்றின் மேற்பகுதியில் வாழ்ந்த சிங்கியோன் மக்களும் 1850களிலும் 1860களிலும் குடியேற வந்தோரால் பெரும்பாலும் கொன்றொழிக்கப்பட்டனர்; எஞ்சியோர் துரத்தப்பட்டனர். ஆற்றை மீட்ட கதையைச் சொல்லும்போது இந்த இழப்பை மறைத்துச் சொல்லுதல் நேர்மையாகாது.

சமன் மீனின் வாழ்க்கையைச் சிறிது அறிந்துகொண்டாலன்றி அங்கு நடந்த கேடும் அதற்குச் செய்த பரிகாரமும் விளங்கமாட்டா. மாரி மழையில் ஆறு பெருகியதும் மீன்கள் கடலிலிருந்து ஏறுகின்றன. பெண்மீன் தன் வாலினால் பரற்கற்களை விலக்கிக் குழி பறித்து, முட்டையிட்டு, மீண்டும் பரலால் மூடிவிடும். ஆயிரக்கணக்கான முட்டைகள் அக்கற்களின் இடுக்குகளிலே வாரக்கணக்காகக் கிடக்கும். கற்களின் ஊடே ஓடும் குளிர்ந்த நீர் கொண்டுவரும் பிராணவாயுவே அவற்றுக்கு உயிர். தாயும் தந்தையும் முட்டையிட்ட சில நாட்களில் இறந்துபோகும். அவற்றின் உடல் அழுகி ஆற்றுக்கும் கரை மரங்களுக்கும் உரமாகும். கடலிலே சேர்த்த சத்தை மலைக்குச் சுமந்து வருவது இம்மீன் என்றே சொல்லலாம். சினூக் என்ற இனத்தின் குஞ்சுகள் சில மாதங்களில் கடலை நோக்கிப் புறப்பட்டுவிடும். கோஹோ என்ற இனத்தின் குஞ்சுகளோ ஓராண்டுக்கு மேல் ஆற்றிலேயே தங்கும். அதாவது, ஒரு கோடையை முழுமையாக அவை கடந்தாக வேண்டும். அதற்கு மரநிழலும், ஆழமான மடுவும், ஒளிந்திருக்க விழுந்த மரமும், குளிர் மாறாத நீரும் வேண்டும்.

இரண்டாம் உலக யுத்தத்தின் பின்னர் வீடு கட்ட மரம் வேண்டுமென்ற பெருந்தேவை எழுந்தது. மட்டோல் மலைகளில் நின்ற டக்ளஸ் பேர் மரங்களின்மேல் கண் விழுந்தது. புல்டோசர் என்னும் இயந்திரம் அதுவரை மனிதன் நுழைய முடியாத சரிவுகளுக்கெல்லாம் பாதை வெட்டியது. பல இடங்களில் ஓடையின் படுகையே பாதையாயிற்று. இதற்கு மாநிலத்தின் வரிச்சட்டமும் துணை நின்றது. நிற்கும் மரத்துக்கு ஆண்டுதோறும் வரி. நூற்றுக்கு எழுபது பங்கை வெட்டிவிட்டால் எஞ்சியதற்கு வரி இல்லை. காட்டை வைத்திருப்பவனுக்குத் தண்டமும் அழிப்பவனுக்குச் சலுகையும் தந்த இச்சட்டம் 1976இல்தான் மாறியது. காணிச் சொந்தக்காரரை மாத்திரம் குறை கூறுவது இதனால் பொருந்தாது என்பது என் கருத்து. 1955ஆம் ஆண்டு டிசம்பரிலும் 1964ஆம் ஆண்டு டிசம்பரிலும் பெருவெள்ளங்கள் வந்தன. மொட்டையான மலைகள் சரிந்தன. கைவிடப்பட்ட பாதைகள் கரைந்து ஆற்றில் இறங்கின. மடுக்கள் தூர்ந்தன. ஆறு அகன்று ஆழங்குறைந்து வெயிலில் காய்ந்தது. பரற்கற்களின் இடுக்குகளை நுண்மண் அடைத்துக்கொண்டது. முட்டைகள் மூச்சடைத்து மடிந்தன.

1970களில் நகர வாழ்க்கையை வெறுத்த இளைஞர் பலர் அங்கே மலிவாகக் காணி வாங்கிக் குடியேறினர். அவர்களுள் ஒருவர் பிறீமன் ஹவுஸ். முன்னர் கடலில் சமன் பிடிப்பதையே தொழிலாகக் கொண்டிருந்தவர். மற்றொருவர் டேவிட் சிம்ப்சன். ஆற்றுக்குத் திரும்பும் சினூக் மீன்கள் சில நூறாகக் குறைந்துவிட்டதைக் கண்ட இவர்களும் அயலவரும் சேர்ந்து 1980ஆம் ஆண்டு ஒரு சங்கம் அமைத்தனர். வேற்று ஆற்று முட்டைகளைப் பெரிய பொரிப்பகத்தில் பொரித்துக் கொண்டுவந்து விடலாமே என்ற எளிய வழி இருந்தது. அதை அவர்கள் ஏற்கவில்லை. ஒவ்வொரு ஆற்றுச் சமனும் அந்த ஆற்றின் வெள்ளத்துக்கும் வெம்மைக்கும் முகத்துவாரம் திறக்கும் காலத்துக்கும் பல்லாயிரம் ஆண்டுகளாகப் பழகிய தனிக்குடி; அந்தக் குடி அழிந்தால் அதற்கு ஈடில்லை என்பது அவர்கள் வாதம். பயிற்சி பெற்ற நிபுணர் அல்லாதோர் கையில் அருகிவரும் மீனை ஒப்படைக்க அரசாங்க அதிகாரிகள் முதலில் தயங்கியதில் வியப்பில்லை. ஈற்றில் அனுமதி கிடைத்தது.

மாரிக்காலத்து நள்ளிரவில், ஆற்றின் குறுக்கே மறிப்புக் கட்டி, இடுப்பளவு குளிர்நீரில் நின்று, ஏறிவரும் மீனைக் காயமின்றிப் பிடிப்பார்கள். சினை முதிர்ந்த மீனின் முட்டையை எடுத்துக் கருவுறச் செய்து, பரல் நிரப்பிய பெட்டிகளில் இடுவார்கள். ஓடையிலிருந்து குழாய்மூலம் தெளிந்த நீர் அப்பெட்டிகளில் இடையறாது ஓடும். மண்படிந்த ஆற்றிலே மடிந்திருக்கக்கூடிய முட்டைகளுள் பெரும்பகுதி இங்கே பொரித்தது. குஞ்சுகளை ஓடையில் விடும் நாளில் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் வாளியோடு வருவார்கள். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இப்பணி நடந்தது.

ஆயினும் பொரிக்க வைத்த குஞ்சை எங்கே விடுவது? வாழ இடமில்லாத ஆற்றில் விட்டு என்ன பயன்? இவ்வினாவே அவர்களை ஆற்றைவிட்டு மலைமேல் ஏறச் செய்தது. 1983இல் மட்டோல் மீட்புச் சபை என்ற அமைப்புத் தோன்றியது. மண் எங்கிருந்து சரிகின்றதென்று அயலவரே ஓடை ஓடையாக நடந்து குறித்தார்கள். 1988இல் அவர்கள் ஒரு நிலப்படத்தை அச்சிட்டு அப்பள்ளத்தாக்கு மக்களுக்கு வழங்கினார்கள். 1947இல் இருந்த முதுகாடு ஒரு பக்கம். 1988இல் எஞ்சியது மறுபக்கம். பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் போய்விட்டிருந்தது. ஆயிரம் பிரசங்கம் செய்யாததை அந்த ஒரு தாள் செய்தது.

ஆராய்ந்து பார்த்தபோது பெருங்குற்றவாளி பழைய மரப்பாதைகளே என்று தெரிந்தது. பாதை ஓடையைக் கடக்கும் இடத்தில் சிறிய குழாயை வைத்து மேலே மண் குவித்திருப்பார்கள். வெள்ளத்தில் சருகும் கிளையும் குழாயை அடைக்கும். நீர் பாதைவழியே திரும்பி ஓடிச் சரிவையே அறுத்துக்கொண்டு போகும். ஆகவே வேண்டாத பாதைகளைத் தோண்டி, நிரப்பிய மண்ணை அகற்றி, ஓடையைப் பழைய வழியில் விட்டார்கள். வேண்டிய பாதைகளுக்கு அகன்ற மதகு வைத்தார்கள். காட்டை அழித்த அதே புல்டோசர் இயந்திரங்கள் இப்பணிக்கும் உதவின. மரம் வெட்டும் தொழிலில் பழகிய உள்ளூரவர் சிலருக்கே அவற்றை ஓட்டும் வேலையும் கிடைத்தது.

இவையெல்லாம் இணக்கமாக நடந்தன என்று நேயர்கள் எண்ணிவிடலாகாது. தலைமுறை தலைமுறையாக மாடு வளர்த்தவர்கள் புதுக் குடியேறிகளை ஐயத்தோடு நோக்கினர். மீனின் பெயரால் நமது காணியில் அரசாங்கம் கைவைக்கப் போகின்றது என்ற அச்சம் பரவியது. 1990களின் தொடக்கத்தில் மரம் வெட்டுவோரும் மாடு வளர்ப்போரும் மீட்புப் பணியாளரும் ஒரே மண்டபத்தில் அமர்ந்து பேசும் கூட்டங்கள் நடந்தன. சில காரியங்களில் உடன்பட்டார்கள். சிலவற்றில் கடைசிவரை உடன்படவில்லை. பக்கத்து வீட்டானின் வேலியைத் தாண்டாமல் ஓடையைச் செப்பனிட முடியாது. வேலியைத் தாண்ட அவன் சம்மதம் வேண்டும். ஆற்று வேலையிலே மண்வெட்டியைவிடக் கடினமான பகுதி இதுவே எனத் தோன்றுகின்றது.

மற்றொரு வேடிக்கையையும் சொல்லவேண்டும். வீழ்ந்த மரம் மீனின் வழியை மறிக்கும் என்று கருதி, முன்னொரு காலத்தில் கலிபோர்ணியாவின் ஓடைகளிலிருந்து பணம் செலவழித்து மரக்குவியல்களை அகற்றினார்கள். அம்மரங்களே மடுவைத் தோண்டுகின்றன, குஞ்சுகளுக்கு மறைவிடம் தருகின்றன என்பது பின்னரே விளங்கியது. அண்மை ஆண்டுகளில் வேரோடு கூடிய முழு மரங்களை ஹெலிகொப்டரில் தூக்கிவந்து மட்டோல் ஆற்றில் இறக்கியிருக்கிறார்கள். அகற்றவும் பணம், திரும்ப வைக்கவும் பணம்!

இனித் தண்ணீரைப் பற்றி. அதே மாநிலத்தின் வடபகுதியில் ஓடும் கிளமாத் ஆற்றில், 2023, 2024ஆம் ஆண்டுகளில் நான்கு அணைகளை உடைத்துச் சமனுக்கு வழி திறந்தார்கள். உலகமே அதைப் பேசியது. மட்டோலில் உடைப்பதற்கு அணை இல்லை. அங்கே கோடை நீரைக் குறைத்த காரணங்களுள் ஒன்று ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஓடைக்குள் இறங்கிய சிறு குழாய்! வீட்டுத் தேவை, தோட்டம், பிற்காலத்தில் பெருகிய கஞ்சாச் செய்கை என எல்லாம் சேர்ந்து, வரண்ட ஆண்டுகளில் ஆற்றின் தலைப்பகுதி தொடர்பற்ற குட்டைகளாயிற்று. கோஹோக் குஞ்சுகள் கோடையைக் கழிக்கும் இடம் அதுவே. 1987இல் தோன்றிய "சாங்சுவரி பொரஸ்ட்" என்ற காடு காக்கும் சங்கம் இதற்கு ஒரு வழி கண்டது. இசையும் வீட்டாருக்குச் சுமார் 50,000 கலன் கொள்ளும் தொட்டிகள் அமைத்துக் கொடுக்கப்படும். மாரியில் அவற்றை நிரப்பிக்கொள்ள வேண்டும். ஆறு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே வற்றியதும் ஓடையில் நீர் இறைப்பதில்லை என்று பத்திரம் எழுதிக் கையொப்பமிட வேண்டும். எவரையும் கட்டாயப்படுத்தவில்லை. அயலவன் குழாயை மூடியதைக் கண்டு அடுத்தவனும் மூடினான். பின்னர் சிற்றோடைகளின் குறுக்கே மரக்கட்டைகளைப் பதித்து, மாரி நீரை நிலத்துக்குள் ஊறவைக்கும் வேலையும் தொடங்கிற்று.

இத்தனைக்கும் பின்னர் மீன் வந்ததா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. சினூக் அற்றுப்போகவில்லை, ஆண்டுக்கு ஆண்டு கூடியும் குறைந்தும் வந்துகொண்டிருக்கிறது. ஸ்டீல்ஹெட் என்ற அதன் உறவினம் ஓரளவு நன்றாகவே இருக்கின்றது. கோஹோவின் நிலையோ கவலைக்கிடமானது. சட்டப்படி 1997இலேயே அது அச்சுறுத்தலுக்குள்ளான இனமாக அறிவிக்கப்பட்டது. அதன் பின்னரும் சில மாரிகளில் மட்டோலில் காணப்பட்ட கோஹோ மீன்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இம்மீன் பெரும்பாலும் மூன்றாண்டில் முதிர்ந்து திரும்புவது. ஆகவே ஒரே ஆற்றில் மூன்று தனி வரிசைகள் ஓடுகின்றன என்று கொள்ளலாம். ஒரு மாரியில் முட்டையிட எதுவும் வராவிட்டால், மூன்றாண்டு கழித்து வரவேண்டிய வரிசை அறுந்தது. கடலின் வெப்பமும் வரட்சியும் பள்ளத்தாக்கு மக்களின் கையில் இல்லை. சரிந்த மண் ஆற்றைவிட்டு நீங்குவதற்கும் நட்ட மரம் நிழல் தருவதற்கும் ஒரு மனிதனின் ஆயுள் போதாது. தொடங்கியவர்களுள் சிலர் மறைந்தும் விட்டனர்.

கோடையில் மட்டோலின் முகத்துவாரத்தைக் கடல் மணல் அடைத்துவிடும். கீழிறங்கிய குஞ்சுகள் வெதுவெதுப்பான அந்தக் களப்பிலே காத்துக் கிடக்கும். மாரியின் முதற் பெருமழை மணற்றிட்டை உடைக்கும்போது அவை கடலுக்குச் செல்லும். முதிர்ந்தவை உள்ளே வரும். அதன்பின் ரப்பர் உடை அணிந்த கணக்கெடுப்போர் ஓடை வழியே மேல்நோக்கி நடப்பார்கள். பெண்மீன் பறித்த குழி எங்கே தென்பட்டாலும் அதன் அருகிலுள்ள கிளையில் நிறநாடா ஒன்றைக் கட்டி, அதிலே திகதியை எழுதிவிட்டு அடுத்த வளைவுக்குப் போவார்கள்.