வேலையும் பட்டமும் ஒருசேர: மருந்து நிறுவனத்தில் அறிவியல் தொழிற்பயிற்சி

‘ஏ’ நிலைத் தேர்வு முடிவுகள் வெளிவரும் நாட்களில் பல வீடுகளில் ஒரே பேச்சுத்தான். பிள்ளையை உடனே பல்கலைக்கழகத்திற்கு அனுப்புவதா, ஒரு வேலையில் சேர்த்துவிட்டுப் பிறகு படிக்க வைப்பதா? படிப்புக்கு ஆகும் செலவை எண்ணும்போது பெற்றோருக்குக் கவலை. வேலைக்குப் போய்விட்டால் பட்டம் கைநழுவிப் போய்விடுமோ என்று பிள்ளைக்குக் கவலை. இந்த இரண்டையும் ஒன்றாக இணைத்து இங்கிலாந்து நாட்டில் நடைமுறைக்கு வந்துள்ள ஏற்பாடே பட்டத் தொழிற்பயிற்சி. மருந்து தயாரிக்கும் நிறுவனங்களில் அறிவியல் பிரிவில் அது எவ்வாறு நடைபெறுகிறது என்பதை நம் வாசகர்கள் அறிந்துகொள்வது பயனுடையது.

பட்டத் தொழிற்பயிற்சி என்றால் என்ன?

தொழிற்பயிற்சி என்றதும் தச்சு வேலை, மின்கம்பி வேலை போன்றவையே பலருடைய நினைவுக்கு வரும். ஆனால் இங்கிலாந்தில் 2015ஆம் ஆண்டு முதல் முழுமையான இளங்கலைப் பட்டத்தையே தொழிற்பயிற்சியின் வழியாகப் பெற இடமுண்டு. பதினெட்டு வயதில் பள்ளிப் படிப்பை முடித்த மாணவர் முதலில் நிறுவனத்தின் ஊழியராக வேலையில் சேர்கிறார். மாதச் சம்பளம், விடுப்பு, பணி ஒப்பந்தம் எல்லாம் அவருக்கு உண்டு. அதே வேளையில் ஒரு பல்கலைக்கழகத்தின் மாணவராகவும் அவர் பதிவாகிறார். ஆய்வக விஞ்ஞானிக்கான பயிற்சி முடிவதற்கு ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் ஆகும்.

கல்விக் கட்டணத்தை மாணவர் செலுத்துவதில்லை. ஆண்டுச் சம்பளச் செலவு 30 லட்சம் பவுண்டுக்கு மேற்பட்ட நிறுவனங்கள், அந்த வரம்புக்கு மேலான தொகையில் 0.5 விழுக்காட்டைத் தொழிற்பயிற்சி வரியாகச் செலுத்த வேண்டும் என்ற விதி 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அந்தப் பணத்திலிருந்தே பல்கலைக்கழகக் கட்டணம் கட்டப்படுகிறது. வழக்கமான முறையில் படிக்கும் மாணவரோ 2017 முதல் ஆண்டுக்கு 9,250 பவுண்டு வரையிலும், 2025இல் 9,535 பவுண்டு வரையிலும் கட்ட வேண்டியிருந்தது. அதற்குக் கடன் வாங்கினால் வேலைக்கு வந்த பின் பல ஆண்டுகள் அதை அடைக்க வேண்டும். இந்தச் சுமை பயிலுநருக்கு இல்லை.

ஆய்வகத்தில் என்ன வேலை?

‘ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது’ என்பார்கள். பயிலுநர் முதல் வாரத்திலிருந்தே கறிக்கு உதவும் சுரைக்காயைத்தான் கையில் எடுக்கிறார். ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம்.

நாம் விழுங்கும் மாத்திரை குறித்த நேரத்திற்குள் கரைந்தால்தான் மருந்து இரத்தத்தில் சேரும். இதைச் சோதிக்க ஒரு கண்ணாடிக் கலத்தில் பெரும்பாலும் 900 மில்லிலிட்டர் திரவத்தை ஊற்றி, உடல் வெப்பமான 37 பாகை செல்சியஸில் வைத்து, மாத்திரையை உள்ளே இட்டு, துடுப்பு ஒன்றைச் சீரான வேகத்தில் சுழலவிடுகிறார்கள். குறித்த நிமிடங்களில் சிறிதளவு திரவத்தை எடுத்து அதில் எவ்வளவு மருந்து கரைந்திருக்கிறது என்று அளக்கிறார்கள்.

அளப்பதற்குப் பயன்படும் முக்கியக் கருவியை ஆய்வகங்களில் ‘எச்.பி.எல்.சி.’ என்று அழைப்பார்கள். மிக நுண்ணிய துகள்கள் நிரப்பிய குழாய் ஒன்றின் வழியே மருந்துக் கரைசலை அழுத்தத்துடன் செலுத்தும்போது, அதிலுள்ள ஒவ்வொரு பொருளும் வெவ்வேறு நேரத்தில் வெளியே வரும். மருந்து தனியாகவும் மாசு தனியாகவும் பிரிந்து, கணினித் திரையில் தனித்தனிச் சிகரங்களாகத் தெரியும். அவை ஏன் அப்படிப் பிரிகின்றன என்பதை வேதியியல் பாடம் விளக்குகிறது. காலையில் கையால் செய்த வேலைக்கு மாலையில் புத்தகத்தில் காரணம் கிடைக்கும்போது பாடம் மனத்தில் பதிந்துவிடுகிறது.

இன்னொரு வேலை, மருந்து எவ்வளவு காலம் கெடாமல் இருக்கும் என்று பார்ப்பது. மிதமான தட்பவெப்பமுள்ள நாடுகளுக்குரிய மருந்தை 25 பாகை வெப்பத்திலும் 60 விழுக்காடு ஈரப்பதத்திலும் வைத்துச் சோதிப்பார்கள். நம்முடைய வட்டாரம் வெப்பமும் ஈரமும் மிகுந்தது. ஆகவே ஆசியான் நாடுகளுக்கான மருந்தை 30 பாகையிலும் 75 விழுக்காடு ஈரப்பதத்திலும் வைத்துச் சோதிக்க வேண்டும் என்பது விதி. நம் வீட்டு மருந்துப் பெட்டியில் காணும் காலாவதித் தேதியின் பின்னால் இத்தகைய பொறுமையான உழைப்பு இருக்கிறது.

ஒரு கையொப்பத்தின் மதிப்பு

இந்தப் பயிற்சியில் கருவிகளைவிட முதன்மையாகக் கற்பிக்கப்படுவது ஒழுங்கு. எழுதி வைக்காத வேலை செய்யாத வேலைக்குச் சமம் என்பது மருந்துத் துறையின் பாலபாடம். எழுதிய எண் தவறானால் அதை அழிக்கவோ அதன்மேல் வெள்ளை மை பூசவோ கூடாது. பழைய எண் தெரியும்படி ஒற்றைக் கோடு இழுத்து, சரியான எண்ணை அருகில் எழுதி, கையொப்பமும் தேதியும் காரணமும் இட வேண்டும்.

இவ்வளவு கண்டிப்பு எதற்கு என்று கேட்கத் தோன்றலாம். 1937இல் அமெரிக்காவில் ‘சல்ஃபனிலமைடு’ என்ற மருந்தை ‘டைஎத்திலீன் கிளைக்கால்’ என்னும் நச்சுத் திரவத்தில் கரைத்து, அதன் நச்சுத்தன்மையைச் சோதிக்காமலேயே விற்றார்கள். குழந்தைகள் உட்பட நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன் விளைவாக 1938இல் கடுமையான சட்டம் பிறந்தது. ஆயினும் 2022இல் ஆப்பிரிக்காவின் காம்பியா நாட்டில் அறுபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தபோது, அவர்கள் அருந்தியதாகக் கருதப்பட்ட இருமல் மருந்துகளில் அதே நச்சுப் பொருள் கண்டறியப்பட்டதாக உலகச் சுகாதார நிறுவனம் எச்சரித்தது. ஆய்வகத்தில் ஒரு சோதனையை முறையாகச் செய்வதும் செய்யாமல் விடுவதும் முகம் தெரியாத ஒரு தாயின் மடியில் இருக்கும் குழந்தையின் உயிரைத் தொடும் செயலாகும். இருபது வயதுகூட நிரம்பாத ஒருவர் இந்தப் பொறுப்பை உணர்ந்து கையொப்பமிடக் கற்றுக்கொள்வது எந்தப் பட்டத்திற்கும் குறைந்ததன்று.

எளிதான வழியா?

இல்லை. வேலையோடு படிக்கிறவருக்கு நேரம்தான் பெரிய நெருக்கடி. படிப்புக்கென வேலை நேரத்தில் ஒரு பகுதியை நிறுவனம் ஒதுக்கித் தந்தாக வேண்டும். 2017இல் அது ஐந்தில் ஒரு பங்காக இருந்தது; 2022இல் வாரத்திற்குக் குறைந்தது 6 மணி நேரமாகியது. அந்த நேரம் மட்டும் போதாது. மாலைப் பொழுதும் வார இறுதியும் பாடத்திற்கே போய்விடும். பல்கலைக்கழக மாணவருக்குரிய நீண்ட கோடை விடுமுறை பயிலுநருக்குக் கிடையாது. நண்பர்கள் ஓய்ந்திருக்கும்போது அவர் ஆய்வகத்தில் நிற்பார்.

இடங்களும் குறைவு, போட்டியோ அதிகம். நல்ல மதிப்பெண்ணோடு, குழுவில் ஒத்துழைக்கும் பண்பும் பொறுமையும் உண்டா என்று நேர்காணலில் பார்ப்பார்கள். பயிற்சி முடிந்தபின் நிரந்தர வேலை உறுதி என்றும் சொல்ல முடியாது. எனினும் கையில் பட்டம், ஐந்தாண்டு அனுபவம், கடனில்லாத வாழ்க்கை ஆகிய மூன்றும் இருக்கும்.

நம் பிள்ளைகளுக்கு

இங்கிலாந்தின் இந்தத் திட்டம் பொதுவாக அங்கே மூன்றாண்டுகளாவது வாழ்ந்து, அங்கு வேலை செய்யும் உரிமை பெற்றவர்களுக்கே உரியது. ஆகவே இங்கிருந்து நேரடியாக விண்ணப்பிக்கலாம் என்று எண்ணி ஏமாற வேண்டாம். ஆனால் சிங்கப்பூரிலும் 2017 முதல் வேலையையும் படிப்பையும் இணைக்கும் பட்டத் திட்டங்கள் உள்ளன. துவாஸ் உயிர்மருத்துவப் பூங்காவில் உலகின் பெரிய மருந்து நிறுவனங்கள் ஆலைகள் அமைத்துள்ளன. பலதுறைத் தொழிற்கல்லூரியில் வேதியியலோ உயிரியலோ படிக்கும் பிள்ளைகளுக்கு இவை தொலைவில் இல்லை.

பெற்றோர்கள் ஒப்பந்தத்தைப் படித்துப் பார்க்கும்போது சில கேள்விகளைக் கேட்க வேண்டும். கட்டணத்தை யார் கட்டுகிறார்கள்? படிப்புக்கு வாரத்தில் எவ்வளவு நேரம் தருகிறார்கள்? இடையில் விலகினால் பணத்தைத் திருப்பித் தர வேண்டுமா? பட்டத்தை வழங்கும் பல்கலைக்கழகம் எது? இவற்றுக்குத் தெளிவான விடை கிடைத்த பிறகே கையொப்பமிட வேண்டும்.

வேலைக்குப் போகும் பிள்ளை படிப்பில் பின்தங்கியவன் என்ற எண்ணம் நம்மிடையே இன்னும் முற்றாக மறையவில்லை. கையும் அறிவும் சேர்ந்து உழைப்பதே உயர்ந்த கல்வி என்பதை உணர்ந்து, பிள்ளையின் இயல்புக்கு ஏற்ற வழியை அவனோடும் அவளோடும் உட்கார்ந்து பேசித் தேர்ந்தெடுப்போமாக.